கிளை நட மாட்டோம்

பேருந்து தேகு நகரத்தை விட்டு நெடுஞ்சாலையில் ஏறியதும் எல்லோரும் எழுந்து நின்று வலது கையைத் தூக்கினார்கள். பறவையைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு எதற்கு இந்தச் சத்தியப் பிரமாணம் என்று ஓட்டுநருக்கு விளங்கவில்லை. "உக்காருங்கய்யா, போலீஸ்காரன் பாத்தா என் லைசென்ஸ்தான் போகும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். 'நீலச் சிறகு' புகைப்படக் குழுவில் ஒன்பது மாதமாக இதுதான் வழக்கம்.

"கிளை நட மாட்டோம்!" என்றார் குக் தலைவர், பயணிகள் பாட்டுப் பாடுவதற்காகப் பேருந்தில் வைத்திருந்த மைக்கில்.

"கிளை நட மாட்டோம்!" என்றார்கள் மற்ற இருபத்தோரு பேரும்.

"இலை வெட்ட மாட்டோம்! கூட்டைத் தொட மாட்டோம்!"

அதையும் சொன்னார்கள். கடைசி வரிசையில் தாக் கிபோங்கின் கை மட்டும் காதளவுக்குத்தான் எழுந்தது. அந்தக் கையால்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜுவாங்சான் தேசியப் பூங்காவின் ஓடைக்குள் இறங்கி, பாறையிடுக்கில் ஒரு கிளையை நட்டுவிட்டு வந்திருந்தார். இன்று ஞாயிறு. சனிக்கிழமை முழுக்க மழை கொட்டியதால் அந்தப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்த்திருக்காது என்ற தைரியம் அவருக்கு.

பக்கத்து இருக்கையில் ஹியாங்மி தொண்டை கிழியக் கத்திவிட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் அண்டா தூக்கி, மணிக்கட்டு போய், வேலையை விட்டவள். ஐம்பத்தேழு வயதில் யாரோ பயன்படுத்திய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தக் குழுவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

"அண்ணே, சாப்பிடுங்க" என்று அலுமினியத் தாளில் சுற்றிய கிம்பாப் சோற்றுச் சுருளை நீட்டினாள். "நாலரை மணிக்கு எந்திரிச்சுச் சுருட்டினது. என் நாத்தனார் கேக்கறா, இந்த வயசுல காட்டுல போயி என்னடி பண்ணப் போறே, செல்லுல செம்பருத்திய எடுத்தாப் போதும்னு. அவ மூஞ்சில கரியப் பூசணும் அண்ணே இன்னிக்கு."

"பூசலாம், பூசலாம்" என்றார் கிபோங். இன்று அவருக்கும் ஒருவர் முகத்தில் கரி பூச வேண்டியிருந்தது.

அந்த ஒருவர் முன் இருக்கையில் உட்கார்ந்து வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார்.

குக் சாங்சொல் தேகுவில் வீட்டுத் தரகர். கிபோங்கைவிட ஆறு வயது இளையவர். கிபோங் லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இரும்பு கடைந்தவர். கேமராவைவிட அவர் கைக்குத்தான் குழுவில் மதிப்பு. பறவை எங்கே வந்து உட்கார்ந்தால் படம் அழகாக விழும் என்று பார்த்து, அதற்கேற்ற கிளையைத் தேடி, பாசி ஒட்டவைத்து, நட்டுத் தருவார். யாரும் அதைத் தப்பு என்று நினைக்காத காலம். இரண்டு வருடத்துக்கு முன்னால் தோக்யூசான் மலையில் நெருப்புப் பறவைக்காக ஒரு கிளை நட்டார். நெருப்புப் பறவை என்பது படக்காரர்கள் வைத்த செல்லப் பெயர். உடம்பு, அலகு, கால் எல்லாமே சிவந்த ஒரு மீன்கொத்தி. அவர் நட்டது மைத்துனன் தோட்டத்தில் கழித்துப் போட்ட ஆப்பிள் கிளை. நடுவில் முழங்கைபோல மடங்கி, முதுகெல்லாம் பாசி படர்ந்து, மடக்கில் கண்போல ஒரு முடிச்சு. கிபோங் கம்பி கட்ட, குக்தான் அடியைப் பிடித்துக்கொண்டார். அன்று அங்கே இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். குக் எடுத்த படம் தேசிய அளவில் முதல் பரிசு வாங்கியது. 'மனிதக் கை படாத இயற்கை' என்று அதற்குக் கீழே போட்டிருந்தார்கள். படத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அந்தக் கைவேலைதான்.

போன இலையுதிர்காலத்தில் பத்திரிகைகளில் கூச்சல் கிளம்பியது. கிளை நடுகிறார்கள், இலை வெட்டுகிறார்கள், கூட்டைக் கெடுக்கிறார்கள் என்று. மறுவாரமே குக் குழுவின் இணையப் பக்கத்தில் 'தூய லென்ஸ் உறுதிமொழி' என்று ஒன்றை எழுதிப் போட்டார். உறுதிமொழிக்கு ஒரு பலி வேண்டுமே. பதினோரு வருட உறுப்பினரான தாக் கிபோங், 'இயற்கையை ஜோடித்த குற்றத்துக்காக', சிறப்பு உறுப்பினர் நிலையிலிருந்து, புதிதாகச் சேர்பவர்களுக்கான முளை உறுப்பினர் நிலைக்கு இறக்கப்பட்டார். அறுபத்து நாலு வயதில் முளை! பெயருக்கு முன்னால் இரண்டு இலைவிட்ட பச்சைப் படம் வேறு. முளைகளுக்குப் பேருந்தில் கடைசி வரிசை. ட்ரைபாட் வைக்கவும் கடைசி இடம். கூட்டத்தில் குக் அவரை இன்னமும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அந்த அண்ணேயைக் கேட்கும்போதெல்லாம் கிபோங்குக்கு வயிறு பற்றி எரியும்.

ஆப்பிள் கிளையை அவர் தூக்கி எறியவில்லை. பால்கனியில் ஈரச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, பாசி காயாமல் தினம் தண்ணீர் தெளித்து இரண்டு வருடம் காப்பாற்றினார். "அந்தக் கட்டைக்குப் பண்ற சேவையில கால்வாசி எனக்குப் பண்ணியிருந்தா என் மூட்டுவலி போயிருக்கும்" என்பாள் மனைவி.

திட்டம் எளிது. முதல் இடம் குக்குக்குத்தான். கிளைக்கு நேர் எதிரே நிற்பார், பறவை வந்து உட்காரும், எடுப்பார். திரும்பும்போது வழக்கம்போல ஒவ்வொருவரும் ஒரு படத்தைப் பேருந்து டிவியில் போட்டுக் காட்டுவார்கள்; கைதூக்கி ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை தேர்வாகும் படம் இலையுதிர்காலம் முழுக்கப் பூங்கா வாசலில் உள்ள பார்வையாளர் கூடத்தில் தொங்கப் போகிறது. குக்கின் படம் திரையில் வந்ததும் கிபோங் எழுந்து, செல்போனில் வைத்திருக்கும் அந்தப் பரிசுப் படத்தைப் பக்கத்தில் நீட்டுவார். தோக்யூசானில் இருந்த கிளை ஜுவாங்சானுக்கு எப்படித் தலைவரே நடந்து வந்தது என்று கேட்பார். அவ்வளவுதான். மனுஷன் முகத்தில் ஈயாடாது.

குக் கிளையை அடையாளம் கண்டுகொண்டால்? அந்தக் கவலை கிபோங்குக்கு இல்லை. பறவையைத் தவிர வேறெதையும் பார்க்காத கண் அது. கிளையைப் பார்ப்பவன் தான் ஒருவன்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பூங்கா வாசலில் இறங்கும்போது மழை தூறலாகியிருந்தது. அரைமணி நேரம் நடந்தார்கள். ஓடைக்கு அக்கரையில் ஒரு கிழட்டு மரம். அதன் பொந்தில் நெருப்புப் பறவையின் குஞ்சுகள். இக்கரையில் பூங்காக்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். ஓடையின் நடுவே, பாறையிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது கிளை. மழையில் பாசி தளதளவென்றிருந்தது. அசையாமல், நட்டது தெரியாமல், அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல நின்றது. கிபோங் பக்கத்தில் நின்ற யாரையாவது பிடித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தார்.

செயலாளர் மெங் பட்டியலைப் படித்தார். பொந்தைக் கண்டுபிடித்த பெருமையில் பத்து நாளாகத் தலைகால் புரியாமல் திரியும் ஆள். "ஒண்ணு, தலைவர். ரெண்டு, நான்…" என்று ஆரம்பித்து, "கடைசி, முளைங்க ரெண்டு பேரும் அந்தப் புதர்ப் பக்கம்" என்று முடித்தார்.

"புதர்லேர்ந்து என்னய்யா தெரியும்? பறவையோட பின்புறமா?" என்றாள் ஹியாங்மி.

"அதுவும் படம்தாம்மா" என்றார் மெங். சிரித்தார்கள்.

குக் ட்ரைபாட்டை விரித்து, பீரங்கி மாதிரி லென்ஸை மாட்டி, குனிந்து கண்ணை வைத்தார். கிபோங் வரிசையின் கோடியிலிருந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு அசையவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு குக் நிமிர்ந்து, கண்வைக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, மறுபடி குனிந்து பார்த்தார். அதற்கப்புறம் நிமிர்ந்து திரும்பினார். இருபது பேரையும் தாண்டி, புதரோரம் நின்ற கிபோங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

"ஹியாங்மி அம்மா! இங்க வாங்க. இன்னிக்கு என் எடம் உங்களுக்கு."

"ஐயோ, எனக்கா?"

"காலையில கிம்பாப்ல ஏதோ ஒத்துக்கல. வயித்தக் கலக்குது. நான் அந்தப் பக்கம் பட்டாம்பூச்சி எடுத்துக்கறேன். புதுசா வந்தவங்க நல்ல எடத்துல நின்னு பழகட்டும்."

நாலு பேர் கைதட்டினார்கள். "இதான்யா தலைவன்" என்றார் மெங். ஹியாங்மி ட்ரைபாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்; பாதி வழியில் நின்று, "தலைவரே, கிபோங் அண்ணனும் வந்து எனக்கு செட்டிங் பாத்துக் குடுக்கட்டுமா? எனக்கு இந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திருப்பறதுன்னே தெரியாது" என்று கேட்டாள்.

"தாராளமா. அண்ணனுக்கு அந்த எடம் நல்லாப் பழக்கம்" என்றார் குக்.

கிபோங் நிமிர்ந்து குக்கைப் பார்த்தார். தற்செயலாகச் சொல்லியிருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றார்.

ஹியாங்மி சின்னப் பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டிருந்தாள். "தலைவர் ஆபீஸ்ல மாட்டியிருக்கே, பரிசு வாங்கின படம், அது மாதிரி ஒண்ணு எடுத்துட்டாப் போதும் அண்ணே. வாடகை வீடு பாக்கப் போனப்ப பாத்தேன். அவர் மேசைக்கு நேர் எதிர்ச் சுவர், இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும். நாள் பூரா அதையேதான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்னாரு. நீங்க போனதில்லியா?"

கிபோங் போனதில்லை. அந்த ஆபீஸ் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார். இரண்டு வருடமாக அந்தக் கிளையைக் காலை ஒன்பது மணியிலிருந்து ஆறு மணி வரை, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, முடிச்சு முடிச்சாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் குக். அவனுக்கா அடையாளம் தெரியாது?

கிபோங்குக்கு எல்லாம் புரிந்தது. குக் இந்தக் கிளையைப் படம் எடுக்க மாட்டான், வேறொருத்தி எடுப்பாள். சாயங்காலம் பேருந்தில் உறுதிமொழியை மீறியவள் என்று அவள்தான் மாட்டுவாள் என்பதும் தெரிந்தது. ஓடையில் இறங்கிக் கிளையைப் பிடுங்கலாம். இருபத்தோரு லென்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும். நான்தான் நட்டேன் என்று தமுக்கு அடித்துச் சொல்வதற்குச் சமம். மிச்சமிருந்தது ஒரே வழி. அவள் காதில் சொல்லிவிடலாம். இந்தக் கிளையில் உட்கார்ந்தால் எடுக்காதே, பொந்து வாசலில் வரும்போது எடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"ஹியாங்மி" என்றார் மெதுவாக. "அந்தக் கிளை இருக்கு பாரு…"

"பாத்தேன் அண்ணே! என்ன அழகு! பாசியும் அந்த வளைவும்… பறவை வரலேன்னாக்கூட வெறும் கிளையவே எடுத்துட்டுப் போகலாம்போல இருக்கு. இந்த மாதிரி ஒரு கிளைய நான் நேர்ல பாத்ததே இல்ல."

பதினோரு வருடத்தில் ஒரு பிறவியும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் பறவையைப் பற்றிப் பேசுவார்கள், லென்ஸைப் பற்றிப் பேசுவார்கள். கிபோங் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. மழை வலுத்தது, விட்டது, மறுபடி வலுத்தது. லென்ஸ்களுக்கெல்லாம் மழையுறை போட்டுவிட்டு மனிதர்கள் நனைந்தார்கள். யாரோ பிளாஸ்கைத் திறந்து வெந்நீரில் காபித் தூளைக் கொட்டிக் கலக்கினார்கள். "சத்தம் போடாதய்யா, ஸ்பூன்ல அடிச்சுக்கிட்டு" என்று மெங் சீறினார். "நீ போடற சத்தத்துலதான்யா அது வரல" என்று பதில் வந்தது. தூரத்தில் குக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டாம்பூச்சிக்கு முன்னால் குந்தியிருந்தார். பட்டாம்பூச்சியை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு, காட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மேலிருந்து கீழே உருண்டு இறங்கும் ஒரு நடுங்கும் சீழ்க்கை. அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள்.

சிவப்பாக ஒன்று இலைகளுக்கு நடுவே பாய்ந்து வந்து, நேராக ஆப்பிள் கிளையில், அந்த மடக்கில், முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. அலகில் ஒரு தவளை. தவளையின் காலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிபோங்குக்கு குக் மறந்துபோனார். திட்டம் மறந்துபோனது. இந்தக் கோணத்தில், இந்த மழையில், தன் கிளைமேல் இப்படி ஒரு பறவை உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. தோக்யூசான் படமெல்லாம் இதன் கால்தூசி பெறாது. ஹியாங்மியின் விரல் ஷட்டர்மேல் இருந்தது. அவர் அவள் காதருகே குனிந்தார்.

"பொறு… இன்னும் அந்தப் பக்கம் பாக்குது… பொறு… தலையத் திருப்பட்டும்… அமுக்கு!"

அமுக்கினாள்.

பறவை பொந்துக்குள் போய்விட்டது. ஹியாங்மி திரையில் படத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நனைந்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "என் நாத்தனாரு செத்தா அண்ணே" என்றாள் அழுகையும் சிரிப்புமாக. கிபோங்கும் சிரித்தார். சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. குக் சொல்லாமல்கூட விடலாம், வயிற்றுவலி நிஜமாகவும் இருக்கலாம் என்றெல்லாம் தனக்குத்தானே கதை கட்டிக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் ஈரத் துணி நாற்றமும் அவித்த முட்டை நாற்றமும் கலந்து அடித்தன. மெங் ஒவ்வொருவர் மெமரி கார்டாக வாங்கி டிவியில் போட்டார். மெங்கின் படத்தில் பறவை கிளையை விட்டுக் கிளம்பி, சிவப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. கிபோங் கார்டே கொடுக்கவில்லை. குக்கின் பட்டாம்பூச்சி வந்தது; மரியாதைக்குக் கைதட்டினார்கள். கடைசியாக ஹியாங்மியின் படம் வந்தது.

யாரோ "ஆத்தாடி" என்றார். கைகள் தாமாகவே எழுந்தன. எண்ணவே வேண்டியிருக்கவில்லை. ஹியாங்மி எழுந்து நாலு பக்கமும் இடுப்பை வளைத்து வணங்கினாள்.

குக் மைக்கை எடுத்தார். "அருமை. ரொம்ப அருமை. நமக்கெல்லாம் பெருமை. மெங், அந்தக் கிளையோட அடிய மட்டும் கொஞ்சம் பெருசாக்கு."

மெங் பெரிதாக்கினார்.

"இன்னும்."

பாறையிடுக்கில் செருகிய முனை திரை முழுக்க நின்றது. ரம்பம் போன சீரான வெட்டு. அதற்கு மேலே, பட்டையில் கம்பி கடித்த இரண்டு வளையம்.

"ஆப்பிள் மரம்" என்றார் குக். "ஓடை நடுவுல, பாறைமேல, ரம்பத்தால அறுத்த ஆப்பிள் மரம் மொளைச்சிருக்கு. ஹியாங்மி அம்மா, காலையில இந்த பஸ்ஸுல நாம என்ன சொன்னோம்?"

ஹியாங்மிக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. "எனக்குத் தெரியாது தலைவரே. அது அங்கயே இருந்துச்சு."

"உங்க எடத்துக்கு நேர் எதிர்ல இருந்துச்சு."

"அந்த எடத்துல நிக்கச் சொன்னதே நீங்கதானே!"

"நிக்கத்தாம்மா சொன்னேன். நடச் சொன்னேனா?"

சிரிப்பு எழுந்தது. சற்று முன்னால் கைதூக்கிய அதே ஆட்கள்தான். "பொந்து எங்க இருக்குன்னு பத்து நாளைக்கு முன்னாடியே குழுவுல போட்டாச்சே, யார் வேணா வந்து நட்டிருக்கலாம்" என்றது ஒரு குரல். "பின் சீட்டு ரெண்டும் காலையிலேர்ந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டே வந்துச்சு" என்றது இன்னொன்று. உறுதிமொழியை மீறினால் குழுவை விட்டு நீக்கம் என்று மெங் விதியை ஒப்பித்தார். ஹியாங்மி நின்றபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். காது நுனிவரை சிவந்து, உதடு கோணியது.

கிபோங் எழுந்தார். அவளுக்காகத்தான் எழுந்தார். எழுந்து இரண்டு அடி வைத்ததும் பழைய வெறி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. செல்போனை எடுத்தார்.

"அந்தம்மாவ விடுங்க. நட்டது நான்."

"அண்ணே" என்றார் குக் வருத்தமாக.

"அண்ணேயும் வேண்டாம் ஆட்டுக்குட்டியும் வேண்டாம். இதப் பாருங்க எல்லாரும்!" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். "தலைவர் பரிசு வாங்கின படம். கைபடாத இயற்கை! இந்த முடிச்சப் பாருங்க, இந்த வளைவப் பாருங்க. அதே கிளை! தோக்யூசான்ல இருந்தது ஜுவாங்சானுக்கு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க இவன்கிட்ட!"

குக் செல்போனை வாங்கினார். திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப அதையும் நீங்கதான் நட்டீங்களா அண்ணே?"

"ஆமாய்யா! நான்தான் நட்டேன்!" என்று கத்தினார் கிபோங்.

கத்திய பிறகுதான் காதில் விழுந்தது, தான் என்ன சொன்னோம் என்பது.

குக் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு வருஷம்" என்றார். "ரெண்டு வருஷமா அந்தப் படத்த தெய்வமா கும்பிட்டேன். என்னையும் ஏமாத்திட்டீங்களே அண்ணே. நாளைக்கே அந்தப் படத்துக்குக் கீழ உண்மைய எழுதிப் போடறேன். பரிசையும் திருப்பிக் குடுத்துடறேன். எனக்குத் தெரியாம நடந்ததுன்னாலும் குத்தம் குத்தம்தான்."

"தெரியாமலா? கம்பி கட்டறப்ப அடியப் பிடிச்சுக்கிட்டது யாரு? நீதானேடா!"

"யாராவது பாத்தாங்களா அண்ணே?"

யாரும் பார்க்கவில்லை. யாரோ தட்ட ஆரம்பிக்க, மொத்தப் பேருந்தும் குக்குக்காகக் கைதட்டியது. மெங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஒரு கிளைக்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டிருப்பான் இந்தக் குக், அந்தப் பயத்தை இன்று தானே கொண்டுபோய்த் துடைத்து விட்டோம் என்று கிபோங்குக்கு அப்போதுதான் உறைத்தது. "ஹியாங்மி அம்மா மேல குத்தம் இல்ல. அவங்க இருக்கட்டும். படத்த மட்டும் நாம எடுத்துக்க முடியாது" என்று குக் தீர்ப்புச் சொன்னதும் அரைகுறையாகத்தான் கேட்டது.

கடைசி வரிசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஹியாங்மி கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே ஆப்பிள் தோட்டங்கள் மழையில் ஓடிக்கொண்டிருந்தன.

"உனக்காகத்தாம்மா எந்திரிச்சேன்" என்றார். "உன்ன நீக்கிடுவாங்கன்னுதான்…"

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"என்னது?"

"தலைவருக்கு அந்தக் கிளை தெரிஞ்சுபோச்சுன்னு. நான் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். அவள் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"முன்னாடியே."

"பக்கத்துலதானே நின்னீங்க. ரெண்டு மணி நேரம். நான் குடுத்த கிம்பாப்பத் தின்னுக்கிட்டு."

அவர் முன் இருக்கையின் முதுகைப் பார்த்தார்.

"அந்தாளு கெட்டவன்னு ஊருக்கே தெரியும். அவன் என்னைய ஏமாத்தினா எனக்கு அழுகை வராது. அமுக்குன்னு என் காதுல சொன்னது நீங்க." அவள் கேமராவை இயக்கி, படத்தைக் கொண்டுவந்து, ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டினாள். படத்துக்கு மேலே கேள்வி வந்து நின்றது: அழிக்கவா? கேமராவை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. "இப்பவும் நீங்களே சொல்லுங்க."

கிபோங் பார்த்தார். சின்னத் திரைக்குள் பறவை, தவளை, சொட்டும் தண்ணீர். அதற்குக் கீழே அவர் கிளை, ஒவ்வொரு பாசி இழையும் தெரிய. இதைவிட நல்ல படம் அந்தக் கிளைக்கு இனிமேல் அமையாது.

"அழிக்கறதுக்கு முன்னாடி" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது, "எனக்கு ஒரு காப்பி மட்டும்…"

ஹியாங்மி அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, குப்பையில் ஏதோ அசைவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். விரல் அங்கேயே இருந்தது. அவர் சொல்லும்வரை அதை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது.

"அமுக்கு" என்றார் கிபோங்.

அமுக்கினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, ஓட்டுநருக்குப் பின்னால் காலியாக இருந்த இருக்கைக்குப் போய்விட்டாள். மிச்சமிருந்த கிம்பாப்பையும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.